மண்டப முன்பதிவுப் படிவங்கள் இருந்தால் அனுப்புங்கள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நண்பர்களுக்கு வணக்கம். வேறு மதத்தவர் என்பதற்காக மண்டபமோ லாட்ஜோ தர மறுத்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கக் கையேடு தயாரிக்கிறோம்.

அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதிகளில் மதத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது, தனியாருக்கும் பொருந்தும். ஆனால் அதில் தண்டனை எதுவும் இல்லை. பலர் 1955ஆம் வருஷத்து பி.சி.ஆர். (குடியுரிமைப் பாதுகாப்பு) சட்டத்தில் புகார் எழுதுகிறார்கள். அது தீண்டாமைக்கானது; மதத்துக்காக மட்டும் மறுத்திருந்தால் மனு நிற்காது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதென்றால் கும்பகோணத்துக்காரர் மதுரைக் கிளைக்கும் மயிலாடுதுறைக்காரர் சென்னைக்கும் போக வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை அடிக்க மறுக்கும் அச்சகம்தான் சிக்கல். ஆளை மறுப்பது வேறு, வாசகத்தை மறுப்பது வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் இணையதள வடிவமைப்பாளர் ஒருவரின் வழக்கில் இரண்டாவதைப் பேச்சுரிமையாக ஏற்றது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது.

‘அந்தத் தேதி புக் ஆயிடுச்சுங்க’ என்று போனில் முடித்துவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது. அதனால் எழுத்தில் உள்ளதே வேண்டும்: படிவத்தின் பின்பக்க நிபந்தனைகள், அறிவிப்புப் பலகையின் படம், மறுத்து வந்த வாட்ஸ்அப் செய்தி. ‘அசைவம் கூடாது’ என்பது எல்லோருக்கும் பொதுவான விதி, அதைச் சேர்க்க வேண்டாம். பெயரையும் போன் எண்ணையும் மறைத்து, தேதியும் ஊரும் குறித்து அனுப்புங்கள். அச்சகம் நடத்துபவர்கள் அவசியம் கருத்துச் சொல்லுங்கள்.