லிங்க்டு டேட்டா கட்டுரை: எந்த மாநாடு, எந்தப் பிரிவு?

எங்களுடையது லிங்க்டு டேட்டா, அதாவது பிற தரவுத்தளங்களோடு இணைத்து இணையத்தில் வெளியிடும் தரவு: நூலகப் பட்டியலின் தமிழ் எழுத்தாளர் பெயர்களை விக்கிடேட்டாவோடும் வியாஃபோடும் (பல நாட்டு நூலகங்களின் பெயர்ப் பதிவுகளைச் சேர்க்கும் தளம்) இணைத்த ஆர்டிஎஃப் வடிவத் தரவுத்தொகுப்பு, சுமார் 60,000 ட்ரிபிள் (எழுவாய், உறவு, மதிப்பு என மூன்று பகுதி கொண்ட கூற்று). அதைப் பற்றிய கட்டுரையை ஒரு மாநாட்டின் ஆய்வுப் பிரிவு, ‘புது முறை ஏதும் இல்லை’ என்று திருப்பிவிட்டது.

ஓப்பன்ரிஃபைன் என்ற தரவுச் சீராக்கக் கருவியில் பொருத்தம் பார்த்து, ஷேக்கிள் விதிகளால் (ஆர்டிஎஃப் தரவைச் சோதிக்கும் முறை) சரிபார்த்து, ஸெனோடோ என்ற ஆய்வுத்தரவுக் களஞ்சியத்தில் டிஓஐ (நிலையான அடையாள எண்) வாங்கி, பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற சிசி பை உரிமமும் கொடுத்தாயிற்று. பெரிய சிக்கல் இனிஷியல். ஒரே பெயருள்ள இருவரை சேம்ஆஸ் (‘இரண்டும் ஒன்றே’ என்ற உறவு) போட்டு இணைத்துவிட்டால் இருவர் நூல்களும் ஒருவர் கணக்கில் குவிந்துவிடும். அதனால் ஐயமுள்ள பதிவுகளை ஸ்கோஸ் க்ளோஸ்மேட்சாக (‘நெருங்கிய பொருத்தம்’ மட்டும் என்ற உறவு) நிறுத்தியிருக்கிறோம். கட்டுரையின் உயிரே இந்தப் பகுதிதான்.

ஐஎஸ்டபிள்யூசி, ஈஎஸ்டபிள்யூசி என்ற செமான்டிக் வெப் மாநாடுகள் இரண்டிலும் தரவுத்தொகுப்பு போன்றவற்றுக்கான ரிசோர்ஸ் பிரிவு உண்டு. நிலையான யுஆர்ஐ (இணைய அடையாள முகவரி), உரிமம், மறுபயன்பாடு மூன்றையும் பார்ப்பார்கள். மூன்றாவதுதான் எங்களிடம் இல்லை. வெளியார் யாரும் இன்னும் எடுத்தாளவில்லை. 2017இல் தொடங்கிய எல்டிகே மாநாடு மொழித்தரவுக்கானது, பெயர்த்தரவு அதில் ஓரமாகத்தான் நிற்கும். ஸ்விப் மாநாடு நூலகத் துறைக்கு மிகப் பொருத்தம், ஆனால் அங்கே சுருக்கம் அனுப்பி உரையாற்றுவதுதான் வழக்கம். எங்களுக்கு முழுக் கட்டுரை வெளிவர வேண்டும்.

வெளியார் பயன்பாடு இல்லாமலே ரிசோர்ஸ் பிரிவில் கட்டுரை ஏற்கப்பட்டவர்கள் இருந்தால், அதற்கு ஈடாக எதைக் காட்டினீர்கள்?