வீட்டு மெஷினில் ஃப்ரீ மோஷன் குவில்டிங்: கையை விட காலைக் கவனியுங்கள்

ஃப்ரீ மோஷன் என்றால், நடுவில் பஞ்சு வைத்த துணி அடுக்கை (குவில்ட்) மெஷினில் நம் கையாலேயே நகர்த்தித் தைப்பது. இதைப் பழகத் தொடங்கும் பலர் "எனக்குக் கை வரவில்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் நான் பழகியபோது கைக்கு முன்னால் சரியாக வேண்டியிருந்தது காலும் மேசையும்தான்.

சாதாரணத் தையலில் ஊசித்தட்டுக்கு அடியில் இருக்கும் பல் துணியை அளவாகத் தள்ளிக்கொடுக்கும். இதில் அந்தப் பல்லை இறக்கிவிடுகிறோம். இறக்க வசதியில்லாத மெஷின் என்றால் மேலே ஒரு தகடு மாட்டி மூடிவிடலாம். அதன்பிறகு தையலின் நீளம் நம் பொறுப்பு. கை ஓடி மெஷின் மெதுவாகப் போனால் தையல் நீண்டுவிடும். மெஷின் ஓடி கை தயங்கினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும்.

எனக்கு இது பிடிபட்டது மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தான். நேராகப் போகும்போது ஒரே சீராக இருந்த சத்தம், வளைவு வந்ததும் தணிந்தது. கையோ சரியாக அங்கேதான் வேகமெடுத்தது. துணியைத் திருப்பிப் பார்த்தால் வளைவுகளில் மட்டும் கீழ் நூல் விறைப்பாகக் கிடந்தது, மேல் நூல் இமைமுடி போலச் சின்னச் சின்னதாக வெளியே இழுபட்டிருந்தது. இதைப் பார்த்ததும் நூல் இறுக்கத்தை, அதாவது டென்ஷனை, திருகத் தோன்றும். முதலில் வேகத்தைப் பாருங்கள். பெடலில் ஒரே அழுத்தம் வைத்து, வளைவில் கையை நிதானமாக்கியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. மிச்சத்துக்கு மேல் நூல் டென்ஷனைக் கொஞ்சம் கூட்டினால் போதுமாக இருந்தது.

அடுத்தது எடை. குவில்ட் மேசை விளிம்பிலிருந்து தொங்கினால் அது ஒரு பக்கம் இழுக்கும், நாம் ஒரு பக்கம் தள்ளுவோம். தோள்தான் வலிக்கும். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்னாலும் துணி படுக்க இடம் கொடுங்கள். விரல் நுனியில் ரப்பர் பூச்சு உள்ள கையுறை போட்டால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

பழக 40 செ.மீ. சதுரம் போதும்: இரண்டு பருத்தித் துணி, நடுவில் பேட்டிங் (பஞ்சு விரிப்பு), உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு. மெஷினில் டார்னிங் ஃபுட் (துணியை அழுத்தாமல் நகர விடும் பாதம்), 90/14 அளவு ஊசி. தைக்கும் முன் அதே டிசைனைக் காகிதத்திலிருந்து பேனாவைத் தூக்காமல் வரைந்து பாருங்கள், கைக்கு வழி தெரிந்துவிடும்.

———

வாசகர் ஒருவரின் பின்னூட்டம்: அக்கா, சத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே எனக்கும் நடந்தது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டார்னிங் ஃபுட் துணியை அழுத்தாமல் கொஞ்சம் மேலேயே நிற்பதால், பாதத்தை ஏற்றி இறக்கும் லீவரை இறக்கினோமா இல்லையா என்று பார்த்தவுடன் தெரியாது. இறக்காவிட்டால் மேல் நூலுக்கு டென்ஷனே பிடிக்காது, அடியில் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். அதனால் லீவரை இறக்குவது, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசியை ஒருமுறை இறக்கி ஏற்றிக் கீழ் நூலை மேலே இழுப்பது, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் மூன்று நான்கு குட்டித் தையல் போடுவது, இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.