மாரியில் நனைந்த விளையாட்டுப் பை: வெயில் போதுமா, கழுவ வேண்டுமா?

முரசுமோட்டை:
மகன் பள்ளி உதைபந்தாட்ட அணியில் விளையாடுகிறான். மாரி தொடங்கியதிலிருந்து அவனுடைய பையைத் திறந்தாலே பூஞ்சண மணம் முகத்தில் அடிக்கிறது. தோய்த்து மடித்த ஜேர்சியை வைத்தாலும் அடுத்த நாள் அதே மணம். "கழுவினால் பை பழுதாகிவிடும், வெயில் எறிக்கட்டும்" என்கிறார் அவனுடைய அப்பா. வாசனை ஸ்பிரே அடித்தால் அரை நாள்தான் தாங்குகிறது. என்ன செய்யலாம்?

வாடைக்காற்று:
அப்பா சொல்வதுதான் சரி. ஈரம் இல்லாவிட்டால் பூஞ்சணம் இல்லை. சோழகம் வீசும் காலத்தில் இதே பைகள் யாரும் கழுவாமலே மணக்காமல் கிடக்கின்றனவே. வெயில் வரும் நேரம் பார்த்து, எல்லாச் சிப்பையும் திறந்து, உட்புறம் வெளியே வரும்படி புரட்டிக் கொடியில் தொங்கவிடுங்கள்.

நெடுங்கேணி அக்கா:
தம்பி, காய்ந்தால் மணம் அடங்கும், உண்மை. ஆனால் போகாது. வியர்வைக்குத் தனியே பெரிதாக மணம் கிடையாது. அதிலுள்ளதைத் தின்னும் பக்டீரியா விடும் அமிலங்கள்தான் நாறுகின்றன. தோய்த்த உடுப்பிலும் வரும் அந்த ஈர மணத்துக்குக் காரணமான ஒரு பக்டீரியாவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் அடையாளம் கண்டார்கள். மொரக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்று பெயர். அது உலர்வையும் புற ஊதாக் கதிரையும் நன்றாகத் தாங்கக்கூடியது. அதனால்தான் வெயிலில் போட்ட பை அடுத்த மழையில் நனைந்ததும் திரும்ப மணக்கிறது. ஊத்தை துணியிலேயே இருக்கிறது, கழுவத்தான் வேண்டும்.

வாடைக்காற்று:
அக்கா, கார்த்திகை அடைமழையில் பையைத் தண்ணீரில் முக்கினால் எப்போது காயும்? தோள்பட்டிக்குள் இருக்கும் ஸ்பொஞ்ச் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். இருந்த மணத்தை இரட்டிப்பாக்கும் வேலை அது. உட்புறத்துப் பிளாஸ்டிக் பூச்சும் செதில் செதிலாக உரியும். இயந்திரத்தில் போட்டுப் பழுதான பைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெடுங்கேணி அக்கா:
முக்கச் சொல்லவில்லை, இயந்திரத்தில் போடவும் சொல்லவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சலவைத்தூள் கரைத்து, மெல்லிய பிரஷால் உட்புறத்தை மட்டும் தேய்த்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தரம் துடைத்தெடுங்கள். கட்டிச் சவர்க்காரம் வேண்டாம். எங்கள் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் கடினம். சவர்க்காரம் அதோடு சேர்ந்து வெள்ளையாகத் திரைந்து துணியில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகும் மணம் இருந்தால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்துக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் அப்பச்சோடா தூவி, ஓர் இரவு வைத்துத் தட்டிவிடுங்கள். மிச்சமுள்ள அமில மணத்தை அது எடுக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுரைதான் வரும், ஒன்றை ஒன்று முறித்துவிடும். வினாகிரி பட்ட இடத்தில் பிளீச் மட்டும் ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிள்ளைகள் இருக்கும் வீடு, தயவுசெய்து கவனம்.

மைதானத்து ஆள்:
நான் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவன். நீங்கள் இருவரும் பையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஈர உடுப்பு அதற்குள் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. விளையாடி முடிய, நனைந்த சொக்ஸ், ஜேர்சி, சப்பாத்து எல்லாவற்றையும் சொப்பின் பையில் இறுக்கிக் கட்டி உள்ளே திணிக்கிறார்கள். அப்படியே ரியூசனுக்குப் போய், பஸ்ஸுக்கு நின்று, இருட்டியபின் வீடு சேர்ந்து பையை மூலையில் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இது மாறாவிட்டால் கழுவினாலும் காயவைத்தாலும் அடுத்த வாரம் அதே நிலைமைதான்.

ஈரமானதைப் பின்னல் போட்ட அரிசிப் பையில் போடச் சொல்லுங்கள், இழைகளுக்கூடாகக் கொஞ்சமாவது காற்றுப் போகும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதை வெளியே எடுப்பது. சப்பாத்துக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, அது ஈரமானதும் மாற்றுங்கள். சப்பாத்தைக் கடும் வெயிலில் போட வேண்டாம், பசை விட்டுவிடும்.

வாடைக்காற்று:
சேர் சொல்வதை ஏற்கிறேன். கழுவும் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வெயில் இல்லாத வாரத்தில் பையில் மேலும் தண்ணீர் படக்கூடாது. மின்விசிறிக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும்.

நெடுங்கேணி அக்கா:
விசிறி ஈரத்தை எடுக்கும், ஊத்தையை எடுக்காது. மழை விட்ட ஒரு காலையில் கழுவிவிட்டு, அப்புறம் உங்கள் விசிறியைப் போடட்டும்.

முரசுமோட்டை:
பையின் அடியில் இருந்த அட்டையை இப்போதுதான் இழுத்துப் பார்த்தேன். உப்பி, கறுப்புப் புள்ளி பிடித்திருக்கிறது. இதையும் துடைத்து எடுக்கலாமா?

நெடுங்கேணி அக்கா:
வேண்டாம், எறியுங்கள். அட்டைக்குள் இறங்கிய பூஞ்சணத்தைத் துடைத்து எடுக்க முடியாது. மணத்தில் பாதி அதிலிருந்துதான் வந்திருக்கும்.

வாடைக்காற்று:
இதில் நானும் அக்காவும் ஒரே கட்சி. பழைய பிளாஸ்டிக் எண்ணெய்க் கானின் தட்டையான பக்கத்தை அதே அளவில் வெட்டி, ஓரத்தைத் தேய்த்துப் போடுங்கள். அது தண்ணீர் குடிக்காது. பையைக் காயவிடும்போது அதையும் வெளியே எடுத்துவிடுங்கள்.