மலையாற்றூர் மலையேறிய இளையோர் குழுக்கள்: வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

எங்கள் பங்குக் கோவில் சென்னையில். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் இளையோர் குழு பரங்கிமலைக்குப் போகும், சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளைப் பதினான்கு தலங்களில் நின்று தியானிக்கும் ஜெபம்) செய்யும், கீழே வந்து டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடும். இயேசுவின் சீடரான தோமையார் கி.பி. 72-ல் உயிர்விட்டதாக நம்பப்படும் மலை அது. கி.பி. 52-ல் கொடுங்கல்லூர் பக்கம் வந்து இறங்கிய அவர் தனியாக ஏறி ஜெபித்ததாகக் கேரளத்தார் சொல்லும் மலை, மலையாற்றூரில் உள்ள குரிசுமுடி. "முடிவைத்தான் வருஷா வருஷம் பார்க்கிறீங்களே, ஆரம்பத்தையும் ஒருதரம் பாருங்கப்பா" என்று உதவிப் பங்குத்தந்தை கிளப்பிவிட்டார்.

ரயிலில் ஆலுவா வரை போய், அங்கிருந்து பஸ். வழியில் காலடி வருகிறது, ஆதிசங்கரர் பிறந்த ஊர். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலையாற்றூர் மலை. பஸ்ஸில் பாதிப் பேர் காலடியில் இறங்கினார்கள், மீதிப் பேர் எங்களோடு வந்தார்கள்.

போனது வெறும் திருப்பயணமாக இல்லை. மலைப்பாதையில் பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்குவது, ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று ஒரு பணித் திட்டமும் வைத்திருந்தோம். தமிழ்ச் சிலுவைப்பாதைக் கையேடு ஆளுக்கொன்று. கிட்டார் வேண்டாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். நல்லதுதான். உயரம் 609 மீட்டர். பரங்கிமலை மாதிரி ஒழுங்கான படி கிடையாது, கல்லும் பாறையுமாகக் கால் புரளும் பாதை. முதல் சில தலங்களிலேயே பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் தலத்தில் கையேட்டைத் திறந்தோம். பின்னால் வந்த கூட்டம் "பொன்னும் குரிசு முத்தப்போ, பொன்மல கயற்றம்" (பொற்சிலுவை முத்தப்பா, பொன்மலை ஏற்றம்) என்று ஒரே குரலில் எழுப்பியதும் எங்கள் வாசகம் எங்களுக்கே கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்களும் அதையே கத்த ஆரம்பித்தார்கள், மெட்ராஸ் உச்சரிப்பில். மலையாளிகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் அந்த மனிதர். ஐம்பது வயதிருக்கும். தன் உயரத்துக்கு மேலே ஒரு மரச்சிலுவை தோளில், பக்கத்தில் கல்லூரிப் பெண் மாதிரி ஒரு மகள். எங்கள் பையன் ஒருவன் "சேட்டா, நான் கொஞ்சம் பிடிக்கவா?" என்று கேட்டான். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நேர்ச்சையாம் (வேண்டுதல்), மகள்தான் சொன்னாள். என்ன நேர்ச்சை என்று நாங்கள் கேட்கவில்லை. சீமோன் சிலுவை சுமக்கிற ஐந்தாம் தலத்தில் அவர் மனம் மாறினார் என்று எழுதினால் பிரசங்கத்துக்கு அருமையாக இருக்கும். ஆனால் நடந்தது ஒன்பதாவது தாண்டி. அவராக நின்றார், பையனைக் கையசைத்துக் கூப்பிட்டார், சிலுவையின் கீழ் முனையை மட்டும் அவன் கையில் கொடுத்தார். மேல் பாரம் கடைசிவரை அவருடைய தோளில்தான். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை, ஆனாலும் உச்சிவரை அப்படியே போனார்கள்.

உச்சியில் பொற்சிலுவை, பாறையில் தோமையாரின் பாதச்சுவடு, ஊற்று எல்லாம் பார்த்தோம். அதையெல்லாம் படத்திலும் பார்க்கலாம். எங்கள் குழு இன்னும் பேசிக்கொண்டிருப்பது அந்தச் சிலுவைக்காரரைப் பற்றியும், இறங்கி வரும்போது தன் ஊன்றுகோலை எங்கள் ஃபாதர் கையில் திணித்துவிட்டு வெறுங்காலில் விடுவிடுவென்று போன ஒரு அம்மச்சியைப் பற்றியும்தான். ஃபாதருக்கு இன்னும் நாற்பது வயதுகூட ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

நீங்களும் இப்படிக் குழுவாகப் போயிருந்தால் எழுதுங்கள்.

—

கோவையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குப் பக்கம் என்பதால் அடிக்கடி போகிற குழு எங்களுடையது. மேலே 'ஆனகுத்திய பள்ளி' என்று ஒரு பழைய சிற்றாலயம் உண்டு, பார்த்தீர்களா? ஒரு காலத்தில் காட்டு யானைகள் சுவரைக் குத்திய கோவில். எங்கள் சின்னப் பையன்களுக்குப் பாதச்சுவட்டைவிட அந்தச் சுவர்தான் பிடித்தது. ஜெபத்தில் உட்கார வைக்கவே முடியவில்லை, யானை வருமா வருமா என்று ஒரே கேள்வி. அப்புறம் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், பக்கத்துக் காடுகளில் யானை இருக்கிறது, சத்தம் போடாமல் இருந்தால் வராது என்றார். அதற்குப் பிறகு அப்படி ஒரு அமைதி! எந்த அனிமேட்டரும் (இளையோர் குழு வழிகாட்டி) சாதிக்காததை அவர் சாதித்தார்.

உங்களோடு ஒரு இடத்தில் எனக்கு ஒத்துவரவில்லை. கையேட்டை விட்டுவிடக் கூடாது. கோஷத்தில் கலந்துகொள்வது உற்சாகம்தான், ஆனால் பதினான்கு தலத்தையும் தாய்மொழியில் வாசித்துக் கேட்டால்தான் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும். அதற்குத் தவக்காலத்தின் ஆரம்பத்தில், வார நாளில், விடியுமுன் ஏறுங்கள். பெரிய வெள்ளி, பாஸ்காவுக்கு (ஈஸ்டர்) அடுத்த ஞாயிறு இரண்டும் வேண்டவே வேண்டாம், நெரிசலில் குழுவை எண்ணுவதே வேலையாகிவிடும். பாட்டில் பொறுக்குவதை இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது சாக்கைத் தூக்கினால் மூச்சு வாங்கும்.

—

நான் இலங்கையில் ஹற்றன் பக்கம். மலையாற்றூர் வந்ததில்லை, ஆனால் பாதச்சுவடு என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். உச்சியில் உள்ள சுவடு சைவர்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. தோமையாருடையது என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு. எங்கள் பங்கு இளைஞர்கள் நல்லதண்ணிப் பக்கமாக இரவில் ஏறினோம், ஜெபமாலை சொல்லிக்கொண்டே.

இறங்கி வருகிற சிங்களக் கூட்டம் ஏறுகிறவர்களைப் பார்த்து "கருணாவை" என்று வாழ்த்திப் பாடும். எங்களையும் பார்த்துப் பாடினார்கள். எங்கள் கையில் ஜெபமாலை இருப்பது விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. ஒரு தாத்தா மட்டும் நின்று, அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். முன்னால் போன தம்பிமார் ஜெபமாலையில் எத்தனையாவது மறை உண்மை (ஜெபமாலையின் பகுதி) என்ற கணக்கைத் தவறவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

—

கோவை நண்பருக்கு: யானைச் சுவரை நாங்கள் தவறவிடவில்லை, எல்லாருடைய செல்ஃபியும் அங்கேதான். கையேடு விஷயம் சரி, அடுத்த முறை விடியுமுன் ஏறிப் பார்க்கிறோம். பொறுக்கிய பாட்டில்களை அடிவாரத்தில் யாரிடம் ஒப்படைக்கலாம் என்று தெரிந்தால் சொல்லுங்கள். நாங்கள் சாக்கோடு ரொம்ப நேரம் அலைந்தோம்.