‘ஆனைமலை’ என்று மட்டும் எழுதிய பழைய தாவரத் தாள்கள்: உதவி தேவை

வணக்கம். மூணாறில் இருந்து எழுதுகிறேன். இம்பேஷியன்ஸ் தங்காச்சி என்பது இங்கே உச்சிமலை ஓடைக்கரைகளில் வளரும் அரிய காசித்தும்பை வகை. முன்பு அது எதுவரை பரவியிருந்தது என்று பழைய ஹெர்பேரியம் தாள்களை (உலர்த்திய செடியை ஒட்டி, எடுத்த இடத்தை எழுதிவைத்த தாள்கள்) வைத்துத் தேடுகிறேன்.

சிக்கல் இதுதான். இதற்குப் பெயர் வைத்தவர் பெட்டோம், 1860 முதல் 1882 வரை சென்னை மாகாண வனத்துறைத் தலைவர். நான் பார்த்த அந்தக் காலத்துத் தாள்களில் இடம் ‘ஆனைமலை’ என்று மட்டுமே இருக்கிறது. அந்தப் பெயருக்குள் 2,695 மீட்டர் ஆனைமுடியும் வரும், வால்பாறைப் பக்கத்துப் புல்மலையும் வரும். இரண்டுமே உயரமான புல்வெளி என்பதால் உயரத்தை வைத்தும் பிரிக்க முடியவில்லை.

இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்கா, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டின் ஸ்கேன்களையும் பார்த்துவிட்டேன். கோவை மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் தேடியாச்சு. அப்புறம் எஸ்டேட் பெரியவர்களிடமும் கேட்டேன்; மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வெளியே பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. தேயிலைக்காகத் திருத்திய ஓடைக்கரைகளில் இது இருந்து அழிந்ததா என்பதுதான் என் கவலை. இடம் தெரியாமல் அதைச் சொல்லவே முடியாது.

பெட்டோம் ஆனைமலையில் போன வழியைக் காட்டும் பயணக் குறிப்போ பழைய வன வரைபடமோ எங்கே பார்க்கலாம்?