கூட்டத்தைக் கலைக்கப் போகிற போலீஸ் கையில் ராணுவத் துப்பாக்கி எதற்கு?

தேரிக்காடு:
எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். 2018 மே 22, ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீசுக்குப் போன கூட்டத்தில் என் மாமாவும் இருந்தார். ஒரு கால் செருப்போடு வீடு வந்து சேர்ந்தவர், ராத்திரி வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போலீஸ் சுட்டதில் 13 பேர் போனார்கள், அதில் ஒரு பெண்ணுக்கு வயது 17. மஃப்டியில் இருந்த ஒருவர் போலீஸ் வேன் மேல் ஏறிக் குறிபார்க்கிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போலீஸ் அங்கே கொண்டு வந்த எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் ரைஃபிள் வரும் வரைக்கும் நம் ராணுவம் வைத்திருந்த துப்பாக்கி. அதை எதற்காகப் போராட்டக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறார்கள்? போலீசுக்கு இந்த மாதிரி ஆயுதமே தேவைதானா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_காக்கி:
தம்பி, நான் ஆயுதப்படையில் 26 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். தேவையே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2008-இல் மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷனுக்குள் ஏ.கே.47-உடன் பயங்கரவாதிகள் இரண்டு பேர் நுழைந்தபோது அங்கிருந்த போலீஸ் கையில் லத்தியும் பழைய .303 ரைஃபிளும்தான். அதே ராத்திரி சௌபாட்டி கடற்கரைப் பக்கம் போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே வெறுங்கையால், அந்த இரண்டு பேரில் ஒருவனான கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பிடித்து, குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு செத்தார். என்.எஸ்.ஜி. கமாண்டோ படை வந்து சேர்ந்ததோ மறுநாள் காலையில். அந்த மாதிரி நேரத்துக்கு நல்ல துப்பாக்கியும் குண்டு துளைக்காத அங்கியும் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்டது கூட்டத்தைப் பற்றி. அதற்கு எஸ்.எல்.ஆர். கூடவே கூடாது. 7.62 குண்டு கிட்டத்தில் ஒருவர் உடம்பைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர் மேலும் பாயும். மேகசினில் 20 ரவுண்டு, விசையை அழுத்த அழுத்த அடுத்தது தானாக ஏறிவிடும். வெள்ளைக்காரன் காலத்திலேயே லீ என்ஃபீல்டு ரைஃபிளை ஒற்றைக் குண்டு .410 மஸ்கட்டாக மாற்றித்தான் போலீசுக்குக் கொடுத்தார்கள், ஒரு தடவை சுட்டால் மறுபடி கையால் குண்டு போட வேண்டும். அந்த இடைவெளியில் மனசு மாற நேரம் கிடைக்கும். லத்தி, ஷீல்டு, கண்ணீர்ப்புகை சுடுகிற கேஸ் கன், கலவரத்தை அடக்குகிற வஜ்ரா வண்டி என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதான் கூட்டத்தைக் கலைக்கிற மாப் டிரில் சொல்லிக்கொடுக்கிறோம். பந்தோபஸ்துக்குக் கிளம்புகிற அன்று மட்டும் யார் கைக்கு எது போகிறது என்பது மேலே இருப்பவர் எழுதுகிற ஒரு வரியில் இருக்கிறது.

மேட்டூர்வாசி:
வீரப்பன் காலத்தை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. 1993-இல் பாலாற்றுப் பக்கம் கண்ணிவெடியில் 22 பேர் செத்த பிறகு, காட்டுக்குள் போகிற போலீசுக்கு ராணுவத்தைப் போல ஆயுதம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதிரடிப்படை சோதனைச்சாவடி போட்ட ஊர்களில் விறகுக்குப் போன பெண்கள் என்ன பட்டார்கள் என்பது அதிரடிப்படையின் அத்துமீறலை விசாரித்த சதாசிவா கமிஷன் முன்னால் சாட்சியமாகவே வந்தது. துப்பாக்கியோடு சேர்த்து, எதிரில் இருப்பவன் எதிரி என்கிற எண்ணமும் கைக்கு வந்துவிடுகிறது, அதுதான் எனக்குப் பயம். அப்புறம் ஒன்று, 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டது இத்தனை வருஷம் காட்டைச் சல்லடை போட்டதால் இல்லை. உளவுப் போலீஸ் ஆள் வைத்து, ஆம்புலன்ஸ் அனுப்பி, காட்டை விட்டு வெளியே வரவைத்தார்கள். கடைசிச் சூட்டுக்கு ஏ.கே.47 வேண்டியிருந்தது, சரி, ஆனால் அதற்கு முன்னால் மாசக்கணக்காக நடந்தது சாதாரணப் போலீஸ் வேலை.

டெக்சாஸ்_தமிழ்:
இங்கே அமெரிக்காவில் 1033 திட்டம் என்று ஒன்று உண்டு. ராணுவம் கழித்த தளவாடங்கள் உள்ளூர்ப் போலீசுக்குப் போகும், கண்ணிவெடியைத் தாங்குகிற எம்ராப் வண்டிகூடச் சின்னச் சின்ன ஊர்களுக்கு வந்தது. 2014-இல் ஃபெர்குசனில் கவச வண்டி மேல் உட்கார்ந்து போராட்டக்காரர்களைக் குறிபார்த்த படங்கள் வந்த பிறகு ஒபாமா கட்டுப்பாடு போட்டார், 2017-இல் டிரம்ப் அதை எடுத்துவிட்டார். எனக்கு ஆறாமல் இருப்பது வேறொன்று. 2022-இல் டெக்சாஸ் உவால்டி பள்ளிக்கூடத்தில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தபோது 376 போலீசார் வந்தார்கள், ரைஃபிளும் குண்டு தாங்கும் கேடயமும் கையில் இருந்தன, இருந்தும் வகுப்புக் கதவைத் தாண்டி உள்ளே போக 77 நிமிஷம் ஆனது. 19 குழந்தைகளும் 2 டீச்சர்களும் போய்விட்டார்கள். அப்போது என் மகளுக்கும் அந்தக் குழந்தைகளின் வயதுதான். எந்த ஆயுதம் வேண்டும் என்று இங்கே மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், உள்ளே போ என்று யார் சொல்ல வேண்டும் என்பதை அன்றைக்கு அங்கே யாரும் முடிவு செய்யவில்லை.

தேரிக்காடு:
எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன அந்த ஒரு வரியில்தான் என் மனசு நிற்கிறது. இந்தச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இல் அறிக்கை கொடுத்துவிட்டது, தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். ஐயா, எந்த ஆயுதம் யார் கைக்குப் போனது என்பதற்குப் பதிவேடு இருக்கும்தானே?

பழைய_காக்கி:
இருக்கும். துப்பாக்கி நம்பர், எத்தனை ரவுண்டு வாங்கினார், எத்தனை திருப்பிக் கொடுத்தார், கையெழுத்து எல்லாம் இருக்கும். சாயங்காலம் ஒரு ரவுண்டு குறைந்தாலும் எங்களை வீட்டுக்கு விட மாட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள் தம்பி. பாதுகாப்புக் காரணம் காட்டி மறுப்பார்கள், விடாமல் மேல்முறையீடு போடுங்கள். மனு எழுதும்போது சொல்லுங்கள், பதிவேட்டுக்கு என்ன பெயர் போட்டுக் கேட்க வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.