நம்ம வீட்டுக்குள்ள சாமி வழியா ஓட்டு நுழைஞ்ச கதை: அனுபவம் இருந்தா எழுதுங்க

பாம்பன் காத்து:

2024 பிப்ரவரி. இலங்கை பக்கம் இருக்கிற கச்சத்தீவுல அந்தோனியார் கோயில் திருநாளுக்குப் பேர் கொடுத்தாச்சு. அப்பத்தா மஞ்சப்பையைக் கட்டி வாசல் பக்கமே வச்சிருந்துச்சு. அந்த நேரத்துலதான் நம்ம படகோட்டிகளுக்கு இலங்கைக் கோர்ட்டுல ஜெயில் தண்டனை போட்டாங்க. இந்தத் தடவை யாரும் திருநாளுக்குப் போறதில்லன்னு முடிவாச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இழுக்கல.

சண்டை எங்க வீட்டுக்குள்ள. அப்பா மீனவர் சங்கத்துல முன்னாடி நிக்கிற ஆளு. அப்பத்தாவுக்கு அரசியல்னா ஒரே கேள்விதான்: அந்தோனியார் கோயிலுக்குப் படகு விடுவாங்களா, மாட்டாங்களா. கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தத்துல அதுக்குத் தெரிஞ்ச ஒரே சமாச்சாரம், திருநாளுக்குப் போறவங்களுக்கு விசா வேணாம்ங்கிறது. அப்ப ராமநாதபுரம் எம்.பி.யா இருந்த மூக்கையாத் தேவர் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து மக்களவையில பேசுனதெல்லாம் தாத்தா சொல்லி நான் கேட்டது, அப்பத்தா காதுல ஏறுனதே இல்ல.

"ஒங்க சண்டைய சிலோன்காரன்கிட்ட போடுங்கடா, அந்தோனியார் என்ன செஞ்சாரு?"ன்னு கேட்டுச்சு. அப்பா கத்தல. "ஆத்தா, உள்ள கெடக்குறவன் பொண்டாட்டி பூசையில ஒன் பக்கத்துலதான் உக்காருறா. அவகிட்ட சொல்லிட்டுப் படகு ஏறு"ன்னாரு. அப்பத்தா பதில் பேசாம பையை அவுத்து, மெழுகுதிரிக் கட்டை எடுத்துக்கிட்டு நேரா அந்த வீட்டுக்குப் போயிருச்சு.

எனக்கு மனசுல நிக்கிறது அதுக்குப் பிறகு நடந்தது. மார்ச் கடைசியில பிரதமரே கச்சத்தீவைப் பேசப்போக, டிவி பூரா அதே பேச்சு. எங்க தெருவுக்கு ஒரு வேட்பாளர் வண்டி வந்துச்சு (எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்). தீவை மீட்போம்னு மைக்குல ஓடுது. அப்பத்தா வண்டிக்கு முன்னாடியே போய் நின்னு, "தீவு கெடக்கட்டும் தம்பி, உள்ள இருக்கவங்க எப்ப வருவாங்க?"ன்னுச்சு. அவர் சிரிச்ச முகமா ஒரு கும்பிடு போட்டாரு. வண்டி நகந்துருச்சு. அதுவரைக்கும் அப்பா சொல்ற சின்னத்துல குத்திட்டு வந்த கெழவி, ஏப்ரல் 19 காலையில யாரையும் கேக்காம தனியா கெளம்பிருச்சு. யாருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் வாயைத் தொறக்கல.

கீழக்கரை லாத்தா:

அதே ஏப்ரல் 19தான். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ வேற. எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் சபர்ல, அதான் வெளிநாட்டுப் பொழப்புல. வாப்பா துபாய்ல இருந்து வாட்ஸ்அப்ல வாய்ஸ் மேல வாய்ஸ்: "ஏணிச் சின்னம், ஏணி. ஜமாஅத்துலயும் அதான் பேச்சு."

உம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? ஓட்டுக்கு இஸ்திகாரா (எதைத் தேர்ந்தெடுக்கன்னு அல்லாஹ்கிட்ட வழி கேக்குற தொழுகை) தொழுதாங்க! கல்யாணத்துக்குத் தொழுவாங்க, மனை வாங்கத் தொழுவாங்க, ஓட்டுக்குத் தொழுது நான் பாத்ததில்ல. காலையில முகம் வெளிறிப்போய் உக்காந்திருந்தாங்க. கனவுல வாசப்படியில ஒரு பலாப்பழம் கெடந்துச்சாம். அந்தத் தேர்தல்ல பலாப்பழம் ஓ.பன்னீர்செல்வம் சின்னம்னு நம்ம தொகுதிக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். பன்னீர்செல்வங்கற பேர்லயே மெஷின்ல எத்தனை பேரு!

பக்கத்துத் தெருவுல மார்க்கம் படிச்ச ஆலிமாகிட்ட ஓடினோம். "இஸ்திகாராவுக்குக் கனவு வரணும்னு யாரு சொன்னது? மனசு எதுல அமைதியாகுதோ அதைச் செய்ங்க"ன்னு முடிச்சிட்டாங்க. பூத்துல பெண் அலுவலர் தனியா மறைவுக்குக் கூப்பிட்டு முகம் பாத்து அனுப்பினாங்க. உம்மா பட்டனை அமுக்கிட்டு, போட்ட சின்னத்தைக் காட்டுற அந்தச் சீட்டு கண்ணாடிக்குள்ள 7 செகண்ட் தெரிஞ்சு விழுற வரைக்கும் அசையவே இல்ல. வெளிய வந்ததும் கேட்டேன், ஏணியா பலாவா? "பலாப்பழம் எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது"ன்னாங்க. இதை வாப்பாகிட்ட சொன்னா இன்னும் நம்ப மாட்டேங்கறாங்க.

உச்சிப்புளி வாத்தியார்:

மேலே எழுதிய இருவருக்கும் வணக்கம். ஆனால் ஜமாஅத்தில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள் என்பதை இவ்வளவு சாதாரணமாக எழுதுவது சரியில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 123(3)படி மதத்தின் பேரில் ஓட்டு கேட்பது முறைகேடு. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், வாக்காளருடைய மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 123(2)ஐயும் படியுங்கள். தெய்வக் குற்றம் வரும் என்று பயமுறுத்துவதும் குற்றமே.

என் அனுபவம்: ஒரு தேர்தலில் எங்கள் தெருவில் தட்டில் கற்பூரம் ஏற்றி, அதன் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கவரைக் கொடுத்தார்கள். அம்மா வாங்கிவிட்டார். நான் சத்தம் போட்டதற்கு, "கடக்காத்துல கற்பூரம் அணைஞ்ச பிறகுதான்டா கைய நீட்டுனேன், அது சத்தியத்துல சேராது" என்றார். ஓட்டை வேறு ஆளுக்குப் போட்டுவிட்டு ஒரு வாரம் அம்மன் கோயில் பக்கமே போகவில்லை.

அனைவருக்கும் சில யோசனைகள். வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது அடையாள ஆவணம் ஆகாது. வாக்காளர் அட்டை அல்லது ஆணையம் ஏற்கும் வேறொரு அட்டை கையில் இருக்கட்டும். உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டு கேளுங்கள், காகிதச் சீட்டு தருவார். 18 முடிந்த பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் சேர்க்கப் படிவம் 6. வீட்டில் 85 வயதைத் தாண்டியவர் இருந்தால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடப் படிவம் 12டி, தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வீடு மாறினால் படிவம் 8. பாம்பன் தம்பி, உங்கள் அப்பத்தாவின் பெயர் வாக்காளர் பட்டியலில் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். தேர்தல் நெருங்கியபின் தேடிப் பயனில்லை.

வல்லக்காரன் மகன்:

வாத்தியார் சார், படிச்சதை முழுசாச் சொல்லுங்க. 123(3) கட்டுறது வேட்பாளரை, அவர் ஏஜெண்டை, அவர் சம்மதத்தோட பேசுறவங்களை. லாத்தா வீட்டுல வாப்பா வாய்ஸ் அனுப்புனதுக்கெல்லாம் பிரிவு கிடையாது. கற்பூரத்துக்கு நீங்க சொன்ன 123(2) சரிதான், ஒத்துக்கிறேன்.

எங்க கதை 2019. ஓட்டு ஏப்ரல் 18, அன்னைக்குப் பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தின வியாழன்). தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லி ஹைகோர்ட்டு வரைக்கும் போனாங்க, நடக்கல. எங்க அய்யா அதுக்கு முன்னாடி ஓட்டே போட்டதில்ல. கேட்டா கடலுக்குப் போகணும்பாரு. அந்த வாரம் விசைப்படகுக்குத் தடைக்காலம் ஆரம்பிச்சிருச்சு, அய்யா விசைப்படகுல கூலிக்குப் போறவரு. சாக்கு போச்சு. அது போக, சாயங்காலப் பூசையில, இயேசு சீடருக்குச் செஞ்ச மாதிரி சாமி கால் கழுவிவிடுற பன்னெண்டு பேருல அவரு பேரு இருந்துச்சு. எங்க பங்குச்சாமி சிரிச்சுக்கிட்டே, "யாருக்குன்னு நான் கேக்க மாட்டேன். வெரல்ல மையோட வாங்க"ன்னுட்டாரு.

மத்தியான வெயில்ல போய்ப் போட்டுட்டு வந்து அய்யா அந்த மையைச் சோப்பு வச்சுத் தேய்ச்சாரு பாருங்க! பீடத்துல அசிங்கமா இருக்குமாம். போகல. சாயங்காலம் பன்னெண்டு பேரும் வெள்ளை வேட்டியோட வரிசையா உக்காந்திருக்காங்க, எல்லாரும் எடது கையை மடியில மூடி வச்சுக்கிட்டு. சாமி தண்ணி ஊத்தும்போது அதைப் பாத்துட்டுச் சிரிப்பை அடக்க முடியாமத் திணறிட்டாரு. அப்போஸ்தலர் பூரா கள்ள ஓட்டுப் போட்டவன் மாதிரி கையை மறைச்சா வேற என்ன செய்வாரு? அதுக்கப்புறம் அய்யா ஒரு தேர்தலையும் விட்டதில்ல, உள்ளாட்சி உட்பட.

உச்சிப்புளி வாத்தியார்:

பங்குத்தந்தை நிபந்தனை போட்டதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஓட்டு போடாமல் இருப்பதும் ஒருவர் உரிமை. பிடிக்கவில்லை என்றால் 2013 முதல் நோட்டா இருக்கிறது. 12டி பற்றி உங்கள் அய்யாவுக்கும் சொல்லுங்கள்.

வல்லக்காரன் மகன்:

அய்யாவுக்கு இன்னும் அறுபதே முடியல சார்.